முத்திரையுள்ள பாகங்கள்

கோப்பி நன்றாக இருக்கிறது, ஐயா. பொலிஸ் தலைமையகத்தில், இந்தக் குவெஸ்தூராவில், இப்படிக் கோப்பி கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. மொழிபெயர்க்கிற பிள்ளைக்கும் ஒன்று கொடுங்கள்.

என் பெயர் சோதிலிங்கம். பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்னால் என் முதலாளி மாஸ்த்ரோ நினோ வைத்திருக்கும் துப்பாக்கிப் பட்டறையில் கூட்டித் துடைக்கச் சேர்ந்து, பிறகு வேலை பழகியவன். செத்துப்போன றஞ்சித்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததும் நான்தான். ஊரில் எங்கள் பக்கத்து வளவுப் பிள்ளை. கெட்டிக்காரன். ஒரு குறைதான் இருந்தது. சட்டத்தை மதிக்க மாட்டான்.

நீங்கள் கூப்பிடாமலே நான் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. முறைகேடான பாகம் பூட்டியதால்தான் அவன் கையில் அந்தத் துப்பாக்கி வெடித்துச் சிதறியது என்று எழுதப் போகிறீர்களாம். அது பிழை.

அது ஒரு பல்வைத்தியர் வெளிநாட்டிலிருந்து எடுப்பித்த வேட்டைத் துப்பாக்கி. தோட்டாப் பெட்டி இங்குள்ள சட்டம் விடுகிற அளவைவிடப் பெரியது. அதையும் வேறு சில பாகங்களையும் கழற்றி, அனுமதி முத்திரை உள்ளவற்றைப் பூட்ட வேண்டும். பழைய பெட்டிக்குள் ஒரு மரத்துண்டை அடைத்தால் போதும் என்றான் றஞ்சித்.

"உள்ளுக்கை ஆர் அண்ணை பாக்கப் போகினம்?"

"சட்டம் எண்டு ஒண்டு இருக்கு."

சிரித்தான். மாஸ்த்ரோவும் சேர்ந்து சிரித்தார். பிள்ளையில்லாத மனிதர். அவன் தோளில் கையைப் போட்டு, தனக்குப் பிறகு பட்டறை இவனுக்குத்தான் என்று எனக்கு முன்னாலேயே சொன்னார். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்று சொல்கிறேன்.

நான் விடவில்லை. எல்லாவற்றையும் முறைப்படி மாற்றவைத்தேன். முத்திரை இல்லாத பாகம் ஒன்றுகூட அதில் இல்லை. வேண்டுமானால் திரும்பப் பாருங்கள்.

சுட்டுப் பார்க்க நகருக்கு வெளியே உள்ள சுடுகளத்துக்குப் போனோம். அவன் கதைத்துக்கொண்டு நின்றபோது, துடைக்கிற துணியைக் குழலுக்குள் இறுக்கிவைத்தேன். துணி துப்பாக்கியின் பாகமல்ல, ஐயா. அதற்கு முத்திரை தேவையில்லை. குழலைப் பார்க்காமல் சுடக்கூடாது என்று அங்கே சுவரிலேயே எழுதியிருக்கிறது. அவன் பார்த்திருக்கலாம். பார்க்கட்டும் என்று நான் நேரமும் விட்டேன். பார்க்காமலே சுட்டான்; அடைபட்ட குழல் அவன் முகத்துக்கு முன்னால் வெடித்தது.

அம்புலன்ஸ் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். "அண்ணை, விட்டிட்டுப் போயிடாதேங்கோ," என்றான். போகவில்லை. முகத்தில் இரத்தத்தைத் துடைத்துவிட்டேன்.

செத்தவீட்டில் அவன் மனைவி சுலக்சனா கேட்டாள்.

"அவருக்குக் கனக்க நொந்திருக்குமோ அண்ணை?"

"இல்லைப் பிள்ளை. அவனுக்குத் தெரிஞ்சே இராது."

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

ஆகவே, துணியை வைத்தது நான். அவன் சாவான் என்று தெரிந்துதான் வைத்தேன். அப்படியே எழுதுங்கள். ஆனால் பாகங்கள் சரியாக இருந்தன என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் பட்டறையை மூடிவிடுவார்கள், மாஸ்த்ரோவின் பெயரும் கெட்டுவிடும்.

கையெழுத்துப் போட்டதும் நான் போகலாம்தானே? நாளைக்குப் பட்டறையைத் திறக்க வேண்டும். சாவியை மாஸ்த்ரோ என்னிடம்தான் தந்திருக்கிறார். பாவம், அவருக்கு இப்போது வேறு பிள்ளை இல்லை.