மூணு டஜன், உதிரி ஆறு

— ஆயிரத்து நானூத்து அறுவத்து மூணு. ஒரு வருசத்துல இந்த லைப்ரரிக்கு வந்த ஆளு இவ்வளவுதானாம்மா? கூட்டிக் கழிச்சா நாளைக்கு அஞ்சு பேரு. அஞ்சு பேருக்கு ஒரு கட்டடம், ஒரு நூலகர், ரெண்டு பேனு, நாலு பேப்பரு. எங்க ஊரு டீக்கடை பெஞ்சுலயே இதவிடக் கூட்டம் இருக்கும்.

— இன்ஸ்பெக்டர் ஐயா, முதல்ல உக்காருங்க. நனைஞ்சு வந்திருக்கீங்க. குடையை அந்தக் கதவு மூலையில சாய்ச்சு வையுங்க, சொட்டி வடியட்டும். பெருமாள்சாமியண்ணா, ஐயாவுக்கு ஒரு நாற்காலி போடுங்க.

— உக்கார நேரமில்லம்மா. திங்கக்கெழம லாரி வருது. வாசகர் வருகை பத்தாயிரத்துக்குக் கீழ போன கிளைய எல்லாம் மூடச் சொல்லி மேலேருந்து உத்தரவு. உங்க புஸ்தகம் மூவாயிரமும் தாராபுரத்துக்குப் போவுது. தெய்வாத்தாள், கிளை நூலகர்னு இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, நான் அடுத்த பஸ்ஸப் பிடிச்சிருவேன்.

— கையெழுத்துப் போடமாட்டேனுங்கய்யா. அந்த நம்பரு ஆளுங்க இல்லீங்க.

— ஆளு இல்லாம? ஆடா, மாடா?

— டஜனுங்க.

— என்னது?

— டஜனுங்கய்யா. ஆயிரத்தி நானூத்தி அறுவத்தி மூணு டஜன்.

— தப்பு என்னோடதுங்க சாமி. அம்மிணியை ஒண்ணும் சொல்லாதீங்க. நான் இந்த லைப்ரரியில அட்டெண்டர், பேரு பெருமாள்சாமி.

— அத இப்பத்தான் அவங்க கூப்பிட்டாங்களேவே. டஜன் என்னன்னு சொல்லும்.

— அதாவதுங்க சாமி, நான் இருவது வருசம் பனியன் கம்பெனியில செக்கிங் மாஸ்டருங்க. அங்கே எல்லாம் டஜன்தானுங்க. பீஸை ஒண்ணு ரெண்டுன்னு யாரும் எழுதமாட்டாங்க. பஞ்சுத் தூசி நெஞ்சுல கட்டிக்கிட்டுது, டாக்டரு கம்பெனிப் பக்கமே போகாதேன்னுட்டாரு. போன வருசம் ஏப்ரல் ஒண்ணாந் தேதி இங்கே வேலைக்கு வந்தேன். அம்மிணி ஒரு நோட்டைக் குடுத்து, வர்றவங்களை எண்ணி எழுதுங்கண்ணான்னாங்க. பன்னெண்டு பேரு சேர்ந்தா ஒரு கோடு. கை தன்னால அப்படித்தானுங்க போச்சு.

— நீங்க இதப் பாத்துக்கிட்டாம்மா இருந்தீங்க?

— முதல் வாரமே பாத்தேனுங்கய்யா. சிரிச்சுட்டு விட்டுட்டேன். அவருக்கு எது கைக்கு வருதோ அதுல எண்ணட்டும், வருசக் கடைசியில நான் பன்னெண்டால பெருக்கிக்கறேன்னு நெனச்சேன். ஏழு வருசமா அந்த பாரத்தை நான்தானுங்க நிரப்பறேன். இந்தத் தடவை மார்ச்சு நடுவுல பிரசவத்துக்குக் காங்கேயத்துக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டேன்.

— பாரம் முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள வேணும்னு கடுதாசி வந்துதுங்க சாமி. பச்சக் கொழந்தையை வெச்சிருக்கற புள்ளையை எப்படிங்க கூப்பிடறது? நானே கூட்டி, நானே எழுதி, வாரத்துக்கு ரெண்டு நாள் மாத்தலுக்கு வந்துட்டிருந்த நூலகர்கிட்டக் கையெழுத்து வாங்கி அனுப்பிட்டேன். அந்தக் கட்டம் ரொம்பச் சின்னதுங்க. டஜன்னு எழுத எடமில்லை. உதிரி அஞ்சு பேரு மிச்சமிருந்தாங்க, அவங்களுக்கும் எடமில்லை.

— உதிரியா?

— டஜன் சேராததுங்க. அன்னன்னிக்கு மிச்சத்தைத் தனியா எழுதி வெச்சு, மாசக் கடைசியில டஜனாக் கட்டிருவேன். வருசம் முடியறப்ப அஞ்சு பேரு நின்னுட்டாங்க.

— பன்னெண்டால பெருக்கி, அந்த அஞ்சையும் சேர்த்தா பதினேழாயிரத்தி ஐந்நூத்தி அறுவத்தி ஒண்ணுங்கய்யா. அதுக்கு முந்தின வருசத்தைவிட அறுநூறு கூட. இந்தக் கணக்கைத்தான் நான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கணக்குல போடமாட்டேன்.

— அம்மா, நான் இருவத்திரண்டு வருசமா லைப்ரரி லைப்ரரியா அலையுதேன். மூடுதோம்னு சொன்ன பொறவு ஆளு கூடாத கிளைய நான் பாத்ததே இல்ல. ஒருத்தரு கரையான் நோட்டத் தின்னுட்டுன்னாரு. ஒருத்தரு ஒரே பேனாவால, ஒரே ராத்திரியில, முந்நூறு நாளைக்கும் எழுதிக் கொண்டாந்தாரு, மை காயலை. நீங்க பன்னெண்டால பெருக்குதீங்க. கொஞ்சம் புதுசா இருக்கு, அவ்வளவுதான்.

— நோட்டு இதுங்கய்யா. நீங்களே பொரட்டிப் பாருங்க. எந்தப் பக்கத்துல வேணும்னாலும் கேளுங்க.

— ம்... இது என்னவே, சனிக்கெழமை எல்லாம் ஒரு டஜன்கூடத் தேறலை?

— சம்பள நாளுங்க சாமி. மக்க சந்தைக்கும் சினிமாவுக்கும் போயிரும். இல்லாத ஆளை எங்கிருந்து கொண்டாறது?

— பொய்க் கணக்கு எழுதுதவன் சனிக்கெழமைய மறந்திருவான். இந்த மட்டும் சரி. அது என்ன, நோட்டத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்துலேருந்து எழுதியிருக்கேரு? செகண்ட்ஸா?

— ஆமாங்க. படிக்கறவங்க பர்ஸ்ட் குவாலிட்டி. வெய்யிலுக்கு ஒதுங்கினவங்க, பஸ்ஸுக்குக் காத்திருந்தவங்க, பேனுக்கு அடியில தூங்கறவங்க எல்லாம் செகண்ட்ஸு. அவங்களை டஜன்ல சேர்க்கறதில்லீங்க. என்ன பழுதுன்னு பின்பக்கம் எழுதி ஒதுக்கிருவேன்.

— மனுசனுக்குப் பழுதா?

— கம்பெனியில ஓட்டை பீஸு, கறை பீஸுன்னு எழுதணுமுங்க சாமி. சும்மா ஒதுக்க முடியாது. பழுது இன்னதுன்னு எழுதாட்டி தைச்சவங்க சண்டைக்கு வந்துருவாங்க. அந்தப் பழக்கந்தானுங்க.

— நானே சொன்னேனுங்கய்யா, வாசப்படி மிதிச்சவங்க எல்லாரும் வாசகர்தானுங்கண்ணா, சேர்த்துக்கோங்கன்னு. முடியவே முடியாதுன்னுட்டாரு. ரெண்டு நாள் எங்கூடப் பேசலை.

— அதெப்படிங்க அம்மிணி? நான் பாஸ் பண்ணின பெட்டி ஒண்ணு, இருவது வருசத்துல கப்பலேறித் திரும்பி வந்ததில்லை. இன்னிக்கு என் கணக்கால இந்த லைப்ரரியே லாரி ஏறுதுன்னா, என் கையில பாஸான சரக்கு எல்லாம் ஒரே நாள்ல திரும்பி வந்த மாதிரிங்க. மத்தியானம் சோத்துப் போசியை வெச்சுட்டு ஓடி வந்து படிக்குதே, கை மடிக்கற வேலாத்தாள், அந்தப் புள்ளைக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?

— யாரு அந்த வேலாத்தாள்?

— பனியன் மடிக்கற பொண்ணுங்கய்யா. பத்தாவது தனித்தேர்வு எழுதறா. ஊட்டுல எட்டுப் பேருக்கு ஒரு ரூம்பு. கணக்குப் புஸ்தகம், வெளிச்சம், உக்கார ஒரு பெஞ்சு, மூணும் அவளுக்கு இங்கேதானுங்க. தாராபுரத்துக்குப் பஸ் ஏறிப் போயிப் படிக்கச் சொல்றீங்களா?

— இந்தா பாருங்கம்மா, நான் கல்லு இல்ல. ஆனா எம்மேல ஒரு ஆபீசரு இருக்காரு. அவருக்கு வேலாத்தாளத் தெரியாது, நம்பரத்தான் தெரியும். இவரு கோட்ட நான் எப்படி நம்ப? பன்னெண்டு பேருக்கு ஒண்ணா, ரெண்டு பேருக்கு ஒண்ணா, யாரு கண்டா?

— சோதிச்சுப் பாருங்கய்யா. நாங்க பயப்படலை.

— சொல்லிட்டீங்க. பொறவு வருத்தப்படக் கூடாது. வே, ஆகஸ்டு பன்னெண்டு, புதன்கெழமை. அன்னிக்கு என்ன எழுதியிருக்கேரு, வாசியும்.

— ஆகஸ்டு பன்னெண்டுங்களா... இருக்குதுங்க. மூணு டஜன், உதிரி ஆறு.

— நாப்பத்திரண்டுங்கய்யா.

— நாப்பத்திரண்டு. நல்லாக் கேட்டுக்கிடுங்க. அன்னிக்கு யாருகிட்டயும் சொல்லாம நானே இங்க வந்தேன். ரகசியச் சோதனை. மாசத்துக்கு ஒரு கிளை அப்படிப் பாக்கது என் வழக்கம். காலையில பத்து மணிக்கு வந்து, மூஞ்சி தெரியாம பேப்பர விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, பூட்டுத வரைக்கும் இருந்தேன். இது என் டைரி, இது என் கையெழுத்து. எத்தனைன்னு நீங்களே வாசிங்கம்மா.

— முப்பத்தி ஒண்ணு.

— பதினொரு தலை எங்கேருந்து மொளைச்சுது?

— அன்னிக்கு நான் இல்லீங்கய்யா. புதுப் புஸ்தகக் கட்டு எடுக்கத் திருப்பூருக்குப் போயிருந்தேன். அண்ணா, அன்னிக்கு எண்ணினது...

— நாந்தானுங்க அம்மிணி. நாப்பத்திரண்டுதான்.

— அப்ப எங் கண்ணு பொய் சொல்லுதா? ஒரு நாளைக்குப் பதினொண்ணு கூட்டினா, வருசத்துக்கு என்ன ஆச்சு? போதும்மா. பேனாவ எடுங்க.

— பொறுங்க சாமி. பதினொண்ணுன்னா எனக்குக் கணக்கு வருதுங்க. மூணரைக்குப் பின்னால கம்பெனியில நிட்டிங் ஷிப்டு மாறும். எறங்கின ஆளுக ஒரே கட்டா வருவாங்க, நாலரைக்கெல்லாம் போயிருவாங்க. அன்னிக்கு அதுல பதினொரு பேரு, ஓரத்துல நேரம் போட்டு எழுதியிருக்கேன் பாருங்க. சாமி அந்நேரம் டீ குடிக்கப் போயிருந்தீங்களா?

— எங்கயும் போவலவே. இருந்த எடத்த விட்டு எந்திரிக்கவே இல்ல.

— அண்ணா, நோட்டைத் திருப்புங்க. அன்னிக்குச் செகண்ட்ஸ் ஏதாச்சும் இருக்குதுங்களா?

— இருங்க அம்மிணி... ஒண்ணே ஒண்ணு இருக்குது. வாசிக்கறேன். ஆண், வெளியூரு. பழுது: மூணு மணியிலிருந்து நாலே முக்கால் வரைக்கும் பேனுக்கு அடியில தூக்கம். கொறட்டை உண்டு. மொகத்து மேல பேப்பரு கெடந்ததால ஆளு அடையாளம் தெரியலை. ஷிப்டு ஆளுக வந்தப்ப, பாவம் எந்திரிச்சிருவாருன்னு செருப்பை வெளியில கழட்டிட்டு மெதுவா வரச் சொன்னேன். மடியில கருப்புக் குடை. மூங்கில் பிடி, பிடியில செவப்பு நூலு சுத்தினது.

— செவப்பு நூலுங்களா அண்ணா?

— ஆமாங்க அம்மிணி. ஏனுங்க, கதவுப் பக்கம் பாக்கறீங்க?

— ஐயா...

— அந்த ஆர்டர இப்படிக் குடுங்கம்மா, அது எங்கூடவே திரும்பி வரட்டும். புது பாரத்துல பதினேழாயிரத்து ஐந்நூத்து அறுவத்தி ஒண்ணுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வே பெருமாள்சாமி, மழை விட்டுட்டு. மூலையில கெடக்க குடைய எடுத்துக் குடும். பிடியப் பாக்காம எடுத்துக் குடும்.