தட்டில் வைத்த ஏழு பனியன்கள்

1963 ஆகஸ்டு மாதம் 23ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை, திண்டிவனத்தில் எங்கள் பஸ் ஷெட்டில் கம்பெனியைக் கைமாற்றிக் கொடுத்தபோது அங்கே இருந்தவர்கள்: நான், கம்பெனியை வாங்கிய விழுப்புரம் பஸ் முதலாளி தேவநாதன், அவருடைய கணக்கப்பிள்ளை சீனுவாசன், எங்கள் மூத்த டிரைவர் சவுரிராயன், எங்கள் கம்பெனி சடுகுடு டீம் ஆட்டக்காரர்கள் ஏழு பேர், அதில் முருகையனும் சின்னதுரையும் உண்டு, பூஜை போட வந்த பூசாரி ஒருவர். தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்களை நான் சேர்க்கவில்லை.

என் பெயர் அம்சா. வயது நாற்பத்தாறு. காலஞ்சென்ற பாண்டுரங்கன் மனைவி. திண்டிவனத்தில் கிடங்கல் போகும் ரோட்டில் சொந்த வீட்டில் இருக்கிறேன். தொழில், வீட்டு வேலை. பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணமாகி வந்த பிறகு பஸ் போர்டுகளைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டேன், கம்பெனி வரவு செலவை வீட்டிலிருந்தே எழுதிவந்தேன். இந்த விஷயத்தை வாயால் சொல்லும்போது முன்பின்னாக வந்துவிடுகிறது. அதனால் நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன், ஸ்டேஷன் ஏட்டு ஐயா காகிதம் கொடுத்தார். எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் நாலு பஸ் வைத்திருந்தார். இரண்டு விழுப்புரத்துக்கும், ஒன்று செஞ்சி வழியாக மேல்மலையனூருக்கும் ஓடின. நாலாவது ஸ்பேர், அமாவாசைக்கு அமாவாசை அதையும் மலையனூருக்கு விடுவோம். அவருக்குச் சடுகுடு என்றால் சோறு வேண்டாம். நன்றாக ஆடுகிறவன் எந்த ஊரில் இருந்தாலும் தேடிப்போய் அழைத்துவந்து கண்டக்டர் வேலையோ கிளீனர் வேலையோ கொடுத்து வைத்துக்கொள்வார். பந்தயத்துக்குப் போகிற நாளுக்குச் சம்பளமும் உண்டு, பேட்டாவும் உண்டு. இந்தப் பக்கத்துப் பஸ் முதலாளிகள் இன்னும் சிலரும் அப்படித்தான் டீம் வைத்திருந்தார்கள். தேவநாதனும் வைத்திருந்தார். மயிலம் பங்குனி உத்திரப் பந்தயத்தில் அவர் டீமை எங்கள் டீம் மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தது. சடுகுடுவில் பாடிக்கொண்டு போகிறவன் மூச்சு விட்டால் அவுட். அதை வைத்து ஜனங்கள், தேவநாதனுடைய பஸ் மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டால், "மூச்சு உட்டுடுச்சுடா, அவுட்டு, எல்லாம் எறங்குங்க" என்று அவருடைய கண்டக்டரைக் கேலி செய்வார்கள். இது அவர் காதுக்கும் போயிருக்கிறது. எங்கள் டீமில் பாடிப் போகிறவன் முருகையன். மலையனூர் பக்கத்துப் பையன், வயது இருபத்து மூன்று, மல்லாக்கொட்டைக் கொல்லையில் கூலி வேலை செய்கிறவர்களின் மகன்.

1961ல் என் வீட்டுக்காரர் காலமானார். அதன் பிறகு இரண்டு வருஷம் நானே கம்பெனியைப் பார்த்தேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. பர்மிட்டுக்காகக் கடலூர் போய் நிற்பதும், டயர் வெடித்தால் வழியில் நிற்கிற ஜனங்களுக்குப் பதில் சொல்வதும், ஒரு டிரைவர் வராவிட்டால் இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்பதுமாக இருந்தது. சாமி முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினாலும் ஹாரன்தான் கேட்டது. முடியவில்லை. அதனால் விற்றேன். விலை போதாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. பேசியபடி முழுவதும் வந்து சேர்ந்தது.

விலை பேசி முடித்ததும் வக்கீல் வீட்டில் பத்திரம் எழுத உட்கார்ந்தோம். தேவநாதன் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார், நான் தம்பி என்பேன். அவர், "அண்ணி, வெறும் பஸ்ஸுக்கா நான் வந்தேன்? டீமையும் சேத்து எழுதிடச் சொல்லுங்க" என்றார். வக்கீல் பேனாவை வைத்துவிட்டு, "மனுஷங்கள எப்படிங்க எழுதறது, டயரா டியூபா?" என்று சிரித்தார். நான், "தம்பி, வேலையில இருக்கறவங்க உங்ககிட்ட வேலை பாப்பாங்க. ஆடறதும் ஆடாததும் அவங்க இஷ்டம், அவங்களையே கேட்டுக்குங்க" என்றேன். அவர், "சரி, பத்திரத்துல வேணாம் உடுங்க" என்று சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பத்திரத்தில் டீமைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. ஐயா பார்த்துக்கொள்ளலாம்.

அதன் பிறகுதான் மேலே சொன்ன வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பொருளையோ தொழிலையோ கைமாற்றும்போது தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ வைத்து, கொடுக்கிற பொருளையும் அதன் மேல் வைத்து இரண்டு கையாலும் கொடுப்பது வழக்கம். தட்டில் ஏறியதைத் திரும்பக் கேட்கிற பேச்சே கிடையாது. பத்திரத்தைவிட ஜனங்கள் அதைத்தான் பெரிதாக நினைப்பார்கள், நானும் அப்படித்தான். நான் நாலு பஸ் சாவிக்கும் மஞ்சள் தடவித் தட்டில் வைத்தேன். பூசாரி கற்பூரம் காட்டினார். நான் தட்டை எடுக்கக் குனிந்தபோது சீனுவாசன் ஷெட்டு அலமாரியிலிருந்து டீமுடைய ஏழு மஞ்சள் பனியன்களையும் எடுத்துவந்து சாவிகளின் மேல் வைத்தார். "இதுவும் கம்பெனி சாமான்தானேம்மா" என்றார். கம்பெனி பணத்தில் வாங்கிய துணிதான். முந்தின நாள் நானே துவைத்து மடித்து வைத்தவை. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, ராகு காலம் வேறு வந்துகொண்டிருந்தது. நான் அப்படியே தட்டைக் கொடுத்தேன், தேவநாதன் வாங்கிக்கொண்டார்.

வாங்கியவர் சாவிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்திலேயே நின்று ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பனியனைக் கொடுத்தார். ஆறு பேர் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். முருகையன் வரவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சின்னதுரை அவனை இடித்து, "வாங்கிக்கடா, பனியன்தானே, பொண்ணா குடுக்கறாங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். முருகையன், "தட்டுல வச்சத வாங்கிக்கினா அப்புறம் மாத்திப் பேச முடியாதுங்க மொதலாளி. கண்டக்டர் வேலைக்கு வர்றேன். ஆட்டத்துக்கு வேற எடத்துல ஒரு பேச்சு இருக்குது" என்றான். தேவநாதன் சிரித்த முகத்தோடு, "அண்ணியே தட்டுல வச்சுக் குடுத்துட்டாங்க, நீ இன்னாடா நடுவுல" என்று சொல்லி, மிச்சமிருந்த பனியனை அவன் தோளில் போட்டார். அது நழுவிக் கீழே விழுந்தது. சவுரிராயன் எடுத்து பஸ் பானெட்டின் மேல் வைத்தார். பத்திரத்தில் முடியாததைத் தட்டில் முடித்துக்கொண்டார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தட்டைக் கொடுத்தாகிவிட்டது, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முருகையன் சொன்ன பேச்சு என்னவென்றால், இந்த வருஷப் பங்குனியில் மயிலத்தில் அவன் ஆடியதை ரயில்வே டீம்காரர்கள் பார்த்துவிட்டு, இடம் காலியானால் வேலைக்குக் கூப்பிடுகிறோம், வேறு எங்கும் வாக்குக் கொடுத்துவிடாதே என்று சொல்லியிருந்தார்கள். புரட்டாசி பிறந்த பிறகு கூப்பிட்டார்கள். அக்டோபர் 7ஆம் தேதி திங்கட்கிழமை காலை விழுப்புரம் ஜங்ஷனில் எட்டாம் வகுப்பு சர்டிபிகேட் ஒரிஜினலோடு வந்து நிற்க வேண்டும், பெயரில் போலீஸ் கேஸ் எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சர்டிபிகேட் தேவநாதன் ஆபீசில் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் கம்பெனி வழக்கம். ஆட்கள் காகிதம் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது, மற்ற சாமானோடு அதையும் அனுப்பிவிட்டேன். முருகையன் இரண்டு தரம் போய்க் கேட்டும் கொடுக்கவில்லை. அதன் பிறகு என்னிடம் வந்து சொன்னான்.

இந்த அக்டோபர் 1ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை நானும் முருகையனும் விழுப்புரம் போனோம். எங்கள் பஸ்ஸாக இருந்த பஸ்ஸில்தான் போனோம். அன்று கண்டக்டர் சின்னதுரை. "உங்களுக்கா சீட்டு கிழிக்கறது, கை வரலம்மா" என்றான். "பஸ்ஸு யாருதோ அவங்களுக்குப் போய்ச் சேரணும், கிழிடா" என்று சொல்லி இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

ஆபீசில் தேவநாதனும் சீனுவாசனும் மட்டும் இருந்தார்கள். தேவநாதன் எழுந்து நின்று, எனக்கு நாற்காலி போடச் சொல்லி, காப்பி வாங்கிவரச் சொன்னார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நான் சர்டிபிகேட்டைக் கேட்டேன். அவர், "ஒரே ஒரு பங்குனிக்கு எனக்கு ஆடிக் குடுக்கட்டும் அண்ணி. அப்புறம் ரயிலுக்குப் போவட்டும், கப்பலுக்குப் போவட்டும், நான் கேக்கல" என்றார். முருகையன், "பங்குனி வரிக்கும் அவங்க எடத்தக் காலியா வச்சிருப்பாங்களா மொதலாளி?" என்றான். தேவநாதன், "ரயில்ல போயி இன்னா கிழிப்பே, பச்சக் கொடி ஆட்டுவே" என்றார். முருகையன், "ஆட்டறேங்க. அவங்க என்னைக் கேட்டாங்க, நான் வர்றேன்னேன்" என்றான். நான், "தம்பி, தட்டுல வச்சத நான் திருப்பிக் கேக்க வரல. பனியன் தட்டுல இருந்துச்சு, குடுத்துட்டேன். இவன் தட்டுல இல்ல, என் பக்கத்துல நின்னுக்கினு இருந்தான்" என்றேன். அதற்கு அவர், "அதெல்லாம் ஊருக்குத் தெரியும் அண்ணி, டீமோடதான் வாங்கினேன்னு நாலு பேருகிட்ட சொல்லிட்டேன். இவன் இல்லாம மயிலத்துல போயி நின்னா மறுபடியும் சிரிப்பானுங்க" என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

தகரப் பெட்டி சீனுவாசனுடைய மேஜை மேல் இருந்தது. முருகையன் அதை எட்டித் தொட்டான். சீனுவாசன் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தேவநாதன் கொடுத்த புகாரில் முருகையன் சீனுவாசனைத் தாக்கியதாக எழுதியிருப்பது இந்த இடத்தைத்தான். நடந்தது இதுதான். சடுகுடு ஆடுகிறவனை யாராவது பிடித்தால் நடுக்கோட்டைப் பார்த்து இழுத்துக்கொண்டு போவது அவன் உடம்புக்குப் பழகிப்போயிருக்கிறது. யோசித்துச் செய்வதில்லை. முருகையன் வாசலைப் பார்த்து இழுத்தான். சீனுவாசனும் விடவில்லை, மேஜை மேல் குப்புற வந்தார், மசிக்கூடு உருண்டது. தேவநாதன் நாற்காலியிலிருந்து எழுந்து, "உடாத, புடி, காலப் புடி" என்று பந்தயத்தில் கத்துவது போலக் கத்தினார். வாசற்படியைத் தாண்டியதும் முருகையன் தானாகவே நின்றுவிட்டான். சீனுவாசன் படியில் விழுந்தார். முருகையன் அவரைத் தூக்கி உட்காரவைத்து, சட்டையைத் தட்டிவிட்டு, "அடி பட்டுச்சா சார்?" என்றான். அவன் கை ஓங்கவில்லை. பெட்டியிலிருந்து எதையும் எடுக்கவுமில்லை, வெறுங்கையோடுதான் நின்றான்.

சீனுவாசனுக்கு முழங்கை தோல் உரிந்திருந்தது. நான் தண்ணீர் வாங்கிக் கழுவி என் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டேன். கட்டும்போது அவர் மெதுவாக, "இது ஒரு பேஜாரும்மா. பனியன வைக்கச் சொன்னதே மொதலாளிதான். யாராச்சும் கேட்டா வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்றேன், நீங்க ஜல்தியா அவனை இட்டுக்கினு போங்க" என்றார். அதற்குள் தேவநாதன் வெளியே வந்தார், சீனுவாசன் பேச்சை நிறுத்திக்கொண்டார். காப்பி வந்தது. யாரும் குடிக்கவில்லை. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். மறுநாள் புதன்கிழமை, நான் டீமையும் சேர்த்து விற்றுவிட்டு ஆளைக் கலைத்துவிட்டேன் என்று என் மேலும், அடித்தான் என்று முருகையன் மேலும் புகார் வந்திருப்பதாக இங்கே அழைத்துச் சொன்னார்கள். முருகையன் நேற்றிலிருந்து வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான்.

தேவநாதன் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. என் வீட்டுக்காரர் இறந்தபோது பாடை தூக்க வந்தவர். ஆனால் நான் விற்காத ஒன்றை வாங்கினதாகச் சொல்கிறார். ஏமாற்றியதாக என் மேல் கேஸ் எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இனிமேல் எந்த வேலைக்கும் போக வேண்டியதில்லை, கூப்பிடுகிற நாளுக்கு வந்து நிற்கிறேன். முருகையன் மேல் எழுதிவிட்டால் அவனுக்கு அந்த வேலை இல்லை. சீனுவாசனை முதலாளி இல்லாத இடத்தில் தனியாக வைத்துக் கேட்டால் உள்ளதைச் சொல்வார் என்று நம்புகிறேன்.

இதில் இருப்பது நான் கண்ணால் பார்த்ததும், காதால் கேட்டதும், சம்பந்தப்பட்டவர்கள் என்னிடம் சொன்னதும்தான். அங்காளம்மா அறிய எதையும் கூட்டவில்லை, எதையும் விடவில்லை. திரும்ப ஒரு முறை படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை அவன் ஜங்ஷனில் நிற்க வேண்டும். சர்டிபிகேட்டை வாங்கித் தர முடியுமா, முடியாதா என்பதை, எதுவானாலும், சனிக்கிழமைக்குள் சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பா. அம்சா
திண்டிவனம், 3-10-1963