மூன்று முறை அழைத்தும்

மதியச் சாப்பாட்டை நான் ஒரு நாளும் தள்ளிப்போட்டதில்லை அய்யா. மணி ஒன்று ஆனால் பேனாவை மூடிவிடுவேன். எதிரே யார் நின்றாலும் சரி, வரி பாதியில் நின்றாலும் சரி. சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே பத்து நிமிஷம் கண்ணை மூடுவேன். இரண்டு மணிக்கு எழுந்தால் காலையில் வந்தவன் போலவே இருப்பேன். வாக்குமூலத்தில் இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நான் செய்தது எல்லாமே இந்த ஒழுங்கிலிருந்து வந்ததுதான். அதனால் இங்கிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் சாமிதுரை. குத்தகைப் பதிவுப் பிரிவில் எழுத்தர். உழுகிறவன் பெயர் சர்க்கார் பதிவேட்டில் ஏறிவிட்டால் நிலத்துக்காரர் அவனை நினைத்த நேரத்தில் இறக்கிவிட முடியாது என்று சட்டம் வந்ததல்லவா, அந்தப் பதிவைச் செய்யும் பிரிவு. சட்டம் வந்த வேகத்தில் கீழத்தஞ்சை முழுக்க மனு எழுதிவிட்டார்கள். ஒரு பக்கம் செங்கொடி ஊர்வலம், ஒரு பக்கம் மிராசுதார்கள் கூட்டம், நடுவில் எங்கள் அலுவலகத்தில் மூன்று பீரோ, அவை நிறைந்த பிறகு தரை. எழுதுவதற்கு ஒரே ஒரு ஆள்.

அந்த ஒரு ஆளாக எனக்கு முன்னால் இருந்தவர் பஞ்சநதம். கெட்டிக்காரர், நல்லவர். வந்தவர் சொல்வதையெல்லாம் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்பார். பாட்டன் எந்த வருஷம் கரம்பைத் திருத்தினான், எந்தப் புயலில் வரப்பு போயிற்று, எல்லாவற்றையும் கேட்டு எழுதுவார். நாளைக்கு நாலு மனு முடியும், மிஞ்சிப்போனால் ஐந்து. வருவதோ முப்பது. மதியச் சோற்றை நாலு மணிக்குச் சாப்பிடுவார், சில நாள் தூக்குவாளியைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போவார். எழுபத்திரண்டாம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, மனுதாரர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் தன் பெயரையே வரிசையாக ஒரு பக்கம் முழுக்க எழுதிவைத்திருந்தார். வாசலில் நின்று பெயர் கூப்பிடும் டவாலி கோவிந்தராசுதான் முதலில் பார்த்தார். "சார், எழுந்திரிங்க, வீட்டுக்குப் போவம்" என்று கையைப் பிடித்தபோது, வீடு எந்தத் தெரு என்று பஞ்சநதத்துக்குத் தெரியவில்லை.

அவரைப் பார்க்க நான் போயிருந்தேன். மனைவி டம்ளரைப் பிடித்து வாயில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பஞ்சநதம் கேட்டது ஒன்றுதான். "வெளியில எத்தன பேரு நிக்கிறாங்க, சாமிதுரை?"

"யாரும் இல்ல சார். எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. சாய்ந்து தூங்கவும் செய்தார். ஒரு சின்னச் சொல் ஒரு மனிதனை எவ்வளவு ஆற்றிவிடுகிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. மறுநாள் அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். எனக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் அய்யா. இந்த நாற்காலி என்னையும் அப்படி ஆக்க விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அதில் தப்பு இருப்பதாக இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

முதல் மாதம் எல்லாம் முறையாகவே நடந்தது. தஸ்தாவேஜு உள்ள மனுக்களையும் நிலத்துக்காரர் ஆட்சேபிக்காத மனுக்களையும் தனியாகப் பிரித்தேன். அவை சடசடவென்று முடிந்தன. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆற்றங்கரையோரம் ஒரு மைல் நடப்பேன். ஒன்பதரைக்குப் படுத்தால் தூக்கம் வந்துவிடும். பதிவு அதிகாரிக்கு இரண்டு தாலுகா, வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். நான் எழுதி வைத்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். "பஞ்சநதம் ஒரு மாசத்துல பண்ணத நீங்க மூணு நாள்ல பண்றீங்களே" என்றார். சந்தோஷமாக இருந்தது.

பிறகு மிஞ்சியவை கஷ்டமானவை. வாய்வார்த்தைக் குத்தகை. ரசீது இல்லை, சீட்டு இல்லை. நிலத்துக்காரர் "இவன் கூலி ஆள்தான்" என்பார். இவர் "எங்கப்பா காலத்துலேருந்து உழுவுறங்க" என்பார். ஊருக்குப் போய் வயலைப் பார்க்க வேண்டும், பக்கத்து வயல்காரரைக் கேட்க வேண்டும், கணக்குப்பிள்ளையைப் பிடிக்க வேண்டும். ஒரு மனுவுக்கு இரண்டு நாள். என்னிடம் அப்படி நானூறுக்கு மேல் இருந்தது. ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்லி மேலிருந்து கடிதம். கூடுதலாக ஒரு ஆள் கேட்டு மூன்று தடவை எழுதினேன். பதில் இல்லை.

ஆவணியில் ஒரு நாள், விசாரணைக்கு வந்த ஒருவர் பெயரைக் கோவிந்தராசு வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டார். அந்த மனுதாரர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். விதி என்னவோ அதை எழுதினேன். 'மூன்று முறை அழைத்தும் மனுதாரர் ஆஜராகவில்லை. மனு தள்ளுபடி.' எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் வேலை அய்யா அது. அன்று சாயங்காலம் நடந்தபோது உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது.

அடுத்த வாரம் கோவிந்தராசைக் காப்பி வாங்க அனுப்பிவிட்டு நானே கூப்பிட்டேன். வாசலுக்குப் போகவில்லை, மேசையிலிருந்தே கூப்பிட்டேன். கொஞ்சம் மெதுவாகத்தான். யாரும் வரவில்லை. அதற்கடுத்த வாரத்திலிருந்து மனதுக்குள் கூப்பிட்டேன். மூன்று முறையும் கூப்பிடுவேன், அதில் நான் குறை வைக்கவில்லை.

கோவிந்தராசு ஒரு தடவை கேட்டார். "அய்யா, அவரு தோ தூணுகிட்ட ஒக்காந்திருக்காருங்களே."

"தெரியும்" என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

யாரிடமும் நான் கைநீட்டவில்லை. நீங்கள் விசாரித்திருப்பீர்கள். எந்த மிராசுதாரரையும் எனக்குத் தெரியாது. தள்ளுபடி ஆனதற்கு நன்றி சொல்ல துரைராசு என்ற நிலத்துக்காரர் ஒரு தார் பூவன் பழத்தோடு வந்தபோது, வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அவருக்காக நான் எதுவும் செய்யவில்லை.

அவருடைய நிலத்தைத்தான் காயாரோகணம் உழுதுகொண்டிருந்தார். ஒன்பது மா, மூன்று ஏக்கர். நாகப்பட்டினம் பக்கத்து ஊர். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு. சட்டையை மடித்துத் துண்டில் சுற்றி எடுத்துவந்து, அலுவலக வாசலில் போட்டுக்கொள்வார். சாட்சிக்கு வீரையன் என்று பக்கத்து வயல்காரரையும் அழைத்து வந்திருந்தார். நடவு நேரம். நாலாவது நாளிலிருந்து வீரையன் வரவில்லை. காயாரோகணம் வந்தார். பதினோரு நாள் வந்தார்.

தூணுக்குப் பக்கத்தில் உட்காருவார். நான் உள்ளே போகும்போது எழுந்து நிற்பார்.

"எம் பேரு இன்னும் வரலீங்களா?"

"வரும். கூப்பிடுவோம்."

"நாத்து முத்திப்போவுதுங்க. அதான் கேட்டேன். கோச்சுக்காதீங்க."

"ஒக்காருங்க. தண்ணி குடிச்சீங்களா?"

நான் அவரிடம் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பானையில் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொல்வேன், வெயில் ஏறினால் உள்பக்கம் தள்ளி உட்காரச் சொல்வேன். மூன்றாம் நாள் பதினொன்றே கால் மணிக்கு அவர் மனுவைத் தள்ளுபடி செய்தேன்.

பிறகு ஏன் எட்டு நாள் வரவிட்டீர்கள் என்று நேற்றே கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். சொல்லியிருந்தால் அவர் அழுதிருப்பார். அப்படிப்பட்டவர்கள் காலைப் பிடிப்பார்கள், வீட்டுக் கதையெல்லாம் சொல்வார்கள். ஒருத்தர் அழுவதைப் பார்த்தால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடாது. பஞ்சநதத்தைச் சாய்த்தது வேலை இல்லை அய்யா, இந்த அழுகைதான். உட்கார்ந்திருப்பவர் தானாகச் சலித்துப் போய்விடுவார், இரண்டு பேருக்கும் சிரமமில்லை என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் அவர் வரவில்லை. நாற்று நடப் போயிருப்பார். தன் பெயரைக் கூப்பிடும்போது சொல்லியனுப்புவார்கள் என்று நம்பித்தான் போயிருப்பார். அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதாக ஞாபகம்.

தையில் அறுப்பு. துரைராசு உத்தரவு நகலோடும் போலீஸோடும் வயலுக்குப் போனார். குத்தகைக்காரர் என்று அங்கே யாரும் இல்லை என்பதுதானே அந்த உத்தரவுக்கு அர்த்தம். காயாரோகணம் வரப்பில் நின்று, "நான் வரலைன்னு தப்பா எழுதியிருக்காங்க. ஆபீஸ்ல ஒருத்தரு இருக்காரு, நல்ல மனுசன், அவருக்கு என்னத் தெரியும். ஒரு வார்த்த எழுதி வாங்கியாந்துடுறேன், அதுவரைக்கும் கதிருல அரிவாள வைக்காதீங்க" என்று எல்லாரையும் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினாராம். வீரையன் உங்களிடம் சொன்னது அது. என்னிடம் யாரும் அப்போது சொல்லவில்லை.

அவர் அலுவலகத்துக்கு வந்தபோது ஒன்று ஐந்து. நான் இலையைப் பிரித்திருந்தேன். சேறு காயாத காலோடு மேசைக்கு எதிரே வந்து நின்றார். "அய்யா" என்றார். மூச்சு வாங்கியது.

"ரெண்டு மணிக்கு வாங்க" என்றேன்.

இரண்டு மணிக்கு வந்தார். மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்லி, எங்கே, எப்படி என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. "நான் வந்தேன்ல?" என்றார். நான் அடுத்த மனுக் கட்டைப் பிரித்துவிட்டேன். ஊருக்குத் திரும்பியபோது கதிர் வண்டி ஏறிப் போயிருந்தது. மறுநாள் காலையில் அறுத்த வயலில் நெல்தாள் மேல் கிடந்தார். பூச்சிக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த எண்ட்ரின்.

அவர் மனைவி நாகம்மாள் இருபது நாள் கழித்து வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பதினோரு பஸ் டிக்கெட்டை மேசையில் வைத்தார்.

"அவரு ஆபீஸ் போறன்னுதான் போனாரு. வரவே இல்லன்னு கவுருமெண்டு எழுதியிருக்காம். ஊருல சொல்றாங்க, சாராயக்கடையில ஒக்காந்திருந்துட்டு வந்திருப்பான்னு. கடையும் இந்த ஊருலதான் இருக்கு, அதே பஸ்ஸுதான். டிக்கெட்ட வச்சு எனக்கு ஒண்ணும் வெளங்கல. நிலத்தக் கேக்க நான் வரலீங்க. அவரு எங்கிட்ட பொய் சொன்னாரா? அத மட்டும் சொல்லுங்க."

மணி பன்னிரண்டு ஐம்பது. நான் கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான், ஆனாலும் பார்த்தேன். "ஆஜராகலைன்னுதாம்மா இருக்கு" என்றேன்.

அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப முடிந்தார். வாசல் வரைக்கும் போய்விட்டார். அப்போதுதான் கோவிந்தராசு ஸ்டூலை விட்டு எழுந்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸில், பெயர் கூப்பிடும்போது தவிர அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"வந்தாரும்மா. பதினோரு நாளும் வந்தாரு. இந்தத் தூணுகிட்டதான் ஒக்காந்திருந்தாரு. பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் குடிக்கல. எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

நாகம்மாள் அங்கேயே, அந்தத் தூணில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அழுத சத்தம் தெருவரைக்கும் போனது. அன்றைக்கு நான் சாப்பிட்டேன். ஆனால் அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. நான் நினைத்தது சரிதான்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அப்படி எழுதித் தள்ளுபடி செய்தது நானூற்றுப் பன்னிரண்டு மனு. உண்மையாகவே வராதவர்கள் நாலைந்து பேர் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. மற்ற எல்லாரும் வந்திருந்தார்கள். வராந்தாவில் இருந்தார்கள். நான் அவர்களைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போனேன். இதில் எத்தனை பேரை நிலத்தை விட்டு இறக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டிருந்தால் என்னால் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. நான் பொறுப்பை விடும்போது பிரிவில் ஒரு மனுகூட நிலுவையில் இல்லை என்பதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். என் கை இதோ, நடுங்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயரையும் ஊரையும் நானே வரிசையாகச் சொல்ல வேண்டும், நீங்கள் ஒவ்வொன்றாக எழுத வேண்டும் என்கிறீர்கள். சொல்கிறேன், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் காலையிலிருந்து நீங்கள் நிமிரவே இல்லை. கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. காயாரோகணத்தை மட்டும் விவரமாக எழுதிவிட்டு, 'மற்றவர்களும் அவ்வாறே' என்று கீழே ஒரு வரி போட்டால் போதும் அய்யா. யாரும் கேட்க மாட்டார்கள்.