படகுக்கு அடியில ஓட்டை இல்லண்ணே

ஹலோ... ம், சொல்லுண்ணே... தூங்கல. தரையில மல்லாந்து கிடக்கேன். முதுகு இன்னும் புடிச்சிக்கிட்டுதான் இருக்கு... ஆமா, உன் இன்ஜினைத் தூக்கினதுலதான்... சரி, நம்ம இன்ஜின். விடு. என்ன விஷயம்?

...எங்க இருக்கே?... படகுலயா? நான் எழுந்து வர்ற வரைக்கும் அதைத் தொடாதேன்னு சொன்னேனே... சரி... சரிண்ணே, முதலாளி சாயங்காலம் நாலு பேரோட வர்றாரு, ஓட்டிக் காட்டணும், புரியுது... புரியுதுண்ணே, கத்தாத. போனைக் காதுலேர்ந்து தள்ளிப் பிடிக்கக்கூட எனக்குத் தெம்பு இல்ல.

ம்... ஸ்டார்ட் ஆகல... அதுக்கு என் ஒயரிங் காரணம்... ம்... நேத்து எல்லாத்தையும் பாத்துட்டுத்தானே வந்தேன், நல்லாத்தான் இருந்துச்சு... அண்ணே, நம்ம அப்பா பொறக்கறதுக்கு முன்னாடி ஆகாயத்துல பறந்த இன்ஜின் அது. அதைப் புடிச்சு, போன வருஷம் செஞ்ச ஃபைபர் படகுக்குள்ள உக்கார வெச்சிருக்கோம். ஒருநாள் முறுக்கிக்கத்தான் செய்யும்... நக்கல் பண்ணல. நக்கல் பண்ற நிலைமையிலயா நான் இருக்கேன்?

சரி, நிதானமா சொல்லு. சாவியைத் திருப்பினா சுத்துதா?... சுத்துது. ஆனா புடிக்க மாட்டேங்குது... ம். கைப்பம்ப் அடிச்சு பெட்ரோல் ஏத்துனியா?... ஒவ்வொரு வாட்டியுமா?... மொத்தமா எவ்ளோ அடிச்சிருப்பே?... 'யாரு எண்ணிக்கிட்டு இருந்தா'ன்னா?

...

இரு. கொஞ்சம் பேசாம இருண்ணே... அடிச்ச பெட்ரோல் எல்லாம் எங்க போச்சு?... ஆமா, விமானத்துல மிச்சம் கீழ சொட்டிடும். தரையில விழும், காஞ்சிடும். விமானக் கொட்டகையில நீ வேலை பாத்த காலமெல்லாம் அப்படித்தான் பண்ணுனே. ஆமா, ஆமா. படகுக்கு அடியில ஓட்டை இல்லண்ணே! அவ்வளவும் உன் காலுக்குக் கீழதான் நிக்குது!

சாவியிலேர்ந்து கையை எடு... எடுண்ணே!... எடுத்தாச்சா?... இல்ல, எதையும் அணைக்காத. எதையும் போடாத. மெயின் சுவிட்ச் பக்கமே போகாத, ஒரு பொறி பட்டா போதும். ஆவியை வெளிய தள்ற ஃபேன் ஒண்ணு மாட்டியிருந்தேனே, அது... கழட்டிட்டியா? ஏன்?... 'எந்த விமானத்துலயும் இதை நான் பாத்ததில்ல'... கடவுளே. சரி. சரி.

வாசனை வருதா?... உனக்கு எப்படி வரும், உனக்கு அது சென்ட்டு. கூட யாரு இருக்கா?... அண்ணியா? அண்ணியை எதுக்குண்ணே அங்க... அவங்ககிட்ட குடு. குடு சொல்றேன்.

அண்ணி... முதுகு கிடக்கட்டும் அண்ணி, அப்புறம் சொல்றேன். பெட்ரோல் நாத்தம் அடிக்குதா?... தலைவலி வேறயா? அவர்கிட்ட சொல்லலையா?... சொன்னீங்களா... அதுக்கு என்ன சொன்னாரு?... நல்ல இன்ஜின்னா அப்படித்தான் மணக்கும்னு. ம். சொல்லுவாரு. அண்ணி, பயப்படாதீங்க. பையை விடுங்க. செருப்பை விடுங்க. எழுந்து துறைப் பலகையில ஏறுங்க... ஏறிட்டீங்களா?... கரைப்பக்கமா தள்ளிப் போங்க, இன்னும் தள்ளி... அவர் எங்க?... உள்ளயேவா? போனை ஸ்பீக்கர்ல போடுங்க, நான் கத்தறேன்.

அண்ணே! என்ன பண்றே அங்க?... கடைசியா ஒரே ஒரு தடவையா? அதுக்கப்புறம் இன்னொரு தடவை பண்ண நீ இருக்கமாட்டே!... ஆமா, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ எத்தனையோ இன்ஜினைப் பாத்தவன், நான் மீன்பிடி போட்டுக்கு எண்ணெய் மாத்தறவன். ஒத்துக்கறேன். இறங்கி வா... அண்ணே, எனக்கு அந்த இன்ஜினும் வேணாம், முதலாளியும் வேணாம். நீ வேணும். உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு.

...

என்ன?... யார் தப்புன்னு இப்பவே சொல்லணுமா? நீ அங்க உக்காந்துக்கிட்டா?

...

என் தப்புதாண்ணே. ஒயரிங்ல கோட்டை விட்டுட்டேன். நேத்து ஒழுங்காப் பாக்கல... ஆமா, நீ கரெக்டாத்தான் பம்ப் அடிச்சே... அண்ணி கேக்கட்டுமே, சத்தமாவே சொல்றேன். முதலாளிகிட்டயும் நானே சொல்றேன். உன் பேர் எங்கயும் வராது. சாவியைத் தொடாம, அப்படியே எழுந்து வா.

அண்ணி?... எழுந்துட்டாரா?... பலகையில ஏறிட்டாரா? ரெண்டு காலுமா?... அப்பாடா.

ம், கேக்குதுண்ணே, சொல்லு... ஆமா... ஆமா, எனக்கு அக்கறை போதாது... ஆமா, அரைகுறை வேலை... இல்ல, போனை வெக்காத. நிக்காத. அண்ணியையும் கூட்டிக்கிட்டு நடந்துக்கிட்டே திட்டு... தீயணைப்புக்கு நான் சொல்றேன், நீ கேட்டுக்கு வெளிய போய் யாரையும் துறைக்குள்ள விடாம பாத்துக்க... ஆமா, உன் பேரைக் கெடுக்கவே பொறந்தேன்... ஏன் நிறுத்திட்டே? இன்னும் திட்டு. என் கல்யாணத்துல உன்னைக் கேக்காம பந்தியை ஆரம்பிச்சேனே, அதைச் சொல்லு... ஆமாண்ணே, அதுவும் என் தப்புதான்... ஆமா... ஆமா...

எங்க வந்துட்டீங்க?... கேட்டைத் தாண்டியாச்சா? ரெண்டு பேருமா?

சரி. இப்ப வெக்கறேன்.