ஏழாம் பதிவில் ஒரு மூச்சு

உங்கள் மின்விசிறிக்கு எண்ணெய் விட்டு ரொம்ப நாளாகிறது என்று நினைக்கிறேன். சுற்றுக்கு ஒரு தரம் கிறீச்சென்கிறது. பரவாயில்லை, நிறுத்த வேண்டாம், உங்களுக்கு வேர்க்கும். காதில் விழுந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். சும்மா இருக்கத் தெரியாது எனக்கு.

தொழிலை எழுதிக்கொள்ளுங்கள். இசைத்தட்டு விமர்சகர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மாதப் பத்திரிகை. ஒரே படைப்பைப் பல குழுக்கள் பதிவு செய்திருப்பார்கள். அத்தனையும் கேட்டு எது முதல், எது கடைசி என்று சொல்வது என் பக்கம். இந்த முறை எடுத்துக்கொண்டது ஐந்து பாட்டுகள் கொண்ட ஒரு தொடர். எண்பது பேர் வாத்தியக் குழு, நடுவில் ஒரே ஒரு பெண்குரல். கடலுக்குப் போனவன் இனி வர மாட்டான் என்று ஒருத்திக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது. கடைசிப் பாட்டில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போகிறாள். எட்டு நிமிஷம். குரல் தேய்ந்து, வயலின்கள் தேய்ந்து, ஒன்றுமில்லாமல் போக வேண்டும். சத்தம் எங்கே நின்றது, மௌனம் எங்கே தொடங்கியது என்று கேட்பவனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அது மட்டமான பதிவு. ஒன்பது பதிவுகள் கைவசம் இருந்தன.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு முறை உண்டு. அட்டையில் பெரிய பேரைப் பார்த்தால் கை தானாக மார்க்கை அள்ளிப் போடும். மனுஷ புத்தி அப்படி. அதனால் தட்டுகளை வெள்ளை உறையில் போட்டு, மேலே எண் மட்டும் எழுதிக் கொடுப்பது என் அக்காவின் வேலை. எந்த எண் யாருடையது என்ற சீட்டு அவளிடம் இருக்கும். நான் மார்க் போட்டு முடித்த பிறகுதான் கொடுப்பாள். கெஞ்சிப் பார்த்திருக்கிறேன். "நீ தலைகீழா நின்னாலும் சொல்ல மாட்டேன்டா" என்பாள்.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அப்பா அம்மா போன பிறகு அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் முதல் பிளேயரை வாங்கிக் கொடுத்தது அவள்தான். என்னைக் காதுக்காரா என்று கூப்பிடுவாள். "காதுக்காரா, கேட்டது போதும், சாப்பிட வா." இதையெல்லாம் அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் மூக்கைச் சிந்திக்கொண்டே உங்களிடம் சொல்லியிருப்பாள். நான் எதையும் மறுக்கவில்லை. நன்றி கெட்டவன் இல்லை நான்.

அக்காவுக்கு நுரையீரல் போய்விட்டது. மாடி அறையில் காற்று போதாது என்று நர்ஸ் கட்டிலைக் கீழே ஹாலுக்குக் கொண்டுவந்து போட்டாள். என் ஹால். என் ஸ்பீக்கர்கள் இருக்கிற ஹால். சுவரிலிருந்து இத்தனை அடி என்று ஒரு வருஷம் நகர்த்தி நகர்த்தி வைத்தவை அவை. அவற்றுக்கு எதிரே, என் நாற்காலிக்கு இடப்பக்கம் கட்டில். கட்டிலுக்கு அடியில் ஆக்சிஜன் மெஷின். ஓயாத உறுமல் ஒன்று. அதன் மேல் நாலு விநாடிக்கு ஒரு தரம் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. ஹெட்போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எண்பது பேரை மண்டைக்குள் அடைத்துக் கேட்பதற்குப் பெயர் கேட்பது இல்லை.

மெஷினைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கோழை துப்ப அக்கா ஒரு கிண்ணம் வைத்திருந்தாள். மூடி கிடையாது. துப்பிய பிறகு கீழுதட்டில் ஒரு நூல் தொங்கும், அறுந்து விழாது. அதைப் புறங்கையால் துடைப்பாள். அதே கையால் என் உறைகளில் எண் எழுதுவாள். நான் ஒவ்வொரு உறையையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து எடுத்தேன், அவள் பார்க்காத நேரமாகப் பார்த்து. பார்த்தும் இருக்கலாம். மூக்குக் குழாயில் ஈரம் கோத்து நிற்கும். தலையணையில் மஞ்சள் வட்டம். சாப்பிடும்போது மென்று, மூச்சுக்கு நிறுத்தி, திறந்த வாயில் சோற்றோடு இழுத்து, மறுபடி மென்று... எனக்குக் குமட்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் பக்கம் திரும்பினாலே குமட்டியது.

"சார், பாட்டுப் போடுங்க, என்ன வேணா செய்ங்க, மெஷினை மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீங்க" என்று நர்ஸ் தினமும் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் சொல்வாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும் என்றேன்.

பாடகிகளின் மூச்சு எனக்கு ஆகாது. என் பக்கத்தைப் படிக்கிற எல்லோருக்கும் இது தெரியும். வரிக்கு முன்னால் உறிஞ்சும் சத்தம், எச்சில் பிரியும் சத்தம் காதில் விழுந்தால் அந்தப் பதிவு என்னிடம் மேலே ஏறாது. அக்காவுக்கு நேர்மாறு. "மூச்சு விடாம பாட அவ என்ன பொம்மையாடா? ஒரு ஆள் நின்னு பாடுறான்னு அதுலதான் தெரியுது." தாராளமாக விடட்டும், என் காதில் விழாமல் விடட்டும் என்றேன். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் கிண்ணத்தில் போய் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளிடம் கேட்டேன். கடைசிப் பாட்டுக்கு மட்டும், எட்டு நிமிஷம் மெஷினை நிறுத்தட்டுமா? யோசித்தாள். "எட்டு நிமிஷம்தானே, இருந்துக்கிறேன். முடிஞ்ச உடனே போட்டுடணும், என்ன?" என்றாள். ஆக, சம்மதம் வாங்கித்தான் செய்தேன், அதையும் எழுதுங்கள். ஒன்பது பதிவுக்கு ஒன்பது தடவை என்று நான் தனியாக எடுத்துச் சொல்லவில்லை. எண் எழுதியவளே அவள். தெரியாதா என்ன?

மின்சாரம் நின்றால், சுவரில் சுவிட்சை அணைத்தாலும்கூட, அந்த மெஷின் கத்தும். அதற்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. அதைத் திங்கட்கிழமையே கழற்றிவிட்டேன். ஆமாம், அவளைக் கேட்பதற்கு முந்தின நாள். எதையும் முன்னாலேயே தயார் செய்து வைப்பது என் வழக்கம்.

இரண்டு மணிக்கு ஆரம்பித்தேன். ஒரே மூச்சில் கேட்டாக வேண்டும். காதின் ஞாபகம் ரொம்பச் சின்னது, இடைவெளி விட்டால் ஒன்றை ஒன்றோடு ஒப்பிட முடியாது. தட்டு மாற்றி, குறிப்பு எழுத இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷமும் மெஷினைப் போட்டேன். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்கிறாளாம் நர்ஸ். கல்நெஞ்சக்காரன் போட்டிருப்பானா?

முதல் இரண்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒழுங்காகப் படுத்திருந்தாள். மூன்றாவதில், நல்ல இடத்தில், கட்டிலில் கட்டியிருந்த மணியை அடித்தாள். அந்தப் பதிவை மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. நானும் மனிதன்தானே, கோபம் வந்தது. மணியை அவிழ்த்துக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தேன். ஐந்தாவதில் கையைத் தூக்கினாள். சின்ன வயதில் எனக்குத் தாளம் போட்டுக் காட்டுவாள். அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். தாளம் சரியாக இல்லை. உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. ஓரத்தில் நுரை. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

மெஷினைப் போட்டதும், "காதுக்காரா... போதும்டா" என்றாள்.

"இன்னும் நாலுதான் அக்கா" என்றேன்.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் போட்டேனா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். நோட்டில் நேரம் எல்லாம் எழுதியிருக்கிறது, உங்கள் கையில்தான் இருக்கிறது. அதில் இல்லாததை நான் எப்படிச் சொல்வது? சரி, அதற்கு வருகிறேன்.

ஏழாவது அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிக்கு முன்னால் வயலின்கள் இருக்கிறதா இல்லையா என்று இழையும் இடம். அங்கே ஒரு மூச்சு. உள்ளே இழுத்த மூச்சு, நீளமாக, தொண்டையில் சளியோடு, சேற்றிலிருந்து காலை உருவுகிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இதைப் போய் எவன் தட்டில் விட்டுவைத்தான் என்று தோன்றியது. எழுதினேன்: "ஏழு. கடைசி வரிக்கு முன் மூச்சு. சகிக்கவில்லை. கடைசி இடம்."

எட்டையும் ஒன்பதையும் நிம்மதியாகக் கேட்டேன். ஹால் மறுபடி என் ஹாலாக இருந்தது. அப்படி ஒரு மௌனத்தை அங்கே நான் கேட்டு மாதக்கணக்காகிறது. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது.

மார்க்கைக் கூட்டிவிட்டு, "சீட்டைக் கொடு அக்கா" என்றேன். கொடுக்கவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். தலையணைக்கு அடியில் கை விட்டு நானே எடுத்தேன். தலையணை ஈரமாக இருந்தது, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். சீட்டைப் பிரித்தால், ஏழாம் எண்ணில் இருந்தது நான் இருபது வருஷமாக எல்லோருக்கும் சிபாரிசு செய்கிற பதிவு. எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அதில் ஒருநாளும் மூச்சு கேட்டதில்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும். மறுபடி போட்டேன். அதே இடம் வந்தது. வயலின் இழை, பிறகு குரல். நடுவில் ஒன்றுமில்லை, துடைத்து வைத்த மாதிரி. இன்னொரு தரமும் போட்டேன். ஒன்றுமில்லை. அதன் பிறகுதான் கட்டில் பக்கம் திரும்பினேன். வாய் திறந்திருந்தது, கண்ணும்.

நர்ஸ் வர ஒரு மணி நேரம் இருந்தது. மெஷினைப் போட்டேன். மணியைக் கட்டினேன். பேட்டரியை மாட்டினேன், அவசரத்தில் தலைகீழாக மாட்டிவிட்டேன். மெஷினைச் சோதிக்க நீங்கள் கூட்டிவந்தவர் அதைத்தானே கண்டுபிடித்தார்? நானாக இருந்தாலும் அதைத்தான் கவனித்திருப்பேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது. போடவில்லை. போட்டிருந்தால் அந்த உறுமலில் ஆறாவதின் முடிவு காதிலிருந்து கலைந்திருக்கும். அவள் கண் விழித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் குனிந்து ஏழாவது தட்டை எடுத்துப் போட்டேன். அக்காவைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் விடாமல் எழுதுங்கள். நோட்டில் ஏழாவதுக்கு எதிரே அடித்துத் திருத்தியிருக்கிறது, பாருங்கள். அன்றைக்கே, நர்ஸ் வருவதற்குள் திருத்திவிட்டேன். கட்டுரையில் அதற்குத்தான் முதலிடம். அந்தப் பாடகி ஒரு பாவமும் அறியாதவள். யாரோ விட்ட மூச்சுக்காக ஒரு பெண்ணைத் தண்டிக்கிற ஆள் நான் இல்லை.