கொலையாளியைக் காட்டிக்கொடுக்காத தபால்காரர் கருத்தப்பாண்டி அவர்களுக்கு

கல்லோடை எஸ்டேட், மேல் டிவிஷன்
31.7.1976, சனிக்கிழமை

முப்பத்து நான்கு ஆண்டுகள் மலையேறி மலையிறங்கிய முழங்காலே! மழைக்கும் அட்டைக் கடிக்கும் மசியாத மனமே! பைவார் பதிந்து பள்ளம் விழுந்த தோளே! இன்றோடு பணி ஓய்வு பெறும் எங்கள் தபால்காரர் கருத்தப்பாண்டி அண்ணாச்சியே! வணங்குகிறோம்.

இந்த வாழ்த்து மடலில் உயர்வாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். எழுதுகிறவர்கள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி பிடித்தவர்கள், ரோலர் மிஷினில் நின்றவர்கள். உள்ளதைத்தான் எழுத வரும். உள்ளதே உயர்வாக இருப்பது உங்கள் பெருமை.

நாள்தோறும் ஆறு மைல் நடந்து, போஸ்டாபீசில் பை வாங்கி, ஒன்பது லயத்து வீடுகளுக்கும் ஓயாமல் கொடுத்தீர்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்தீர்கள். படித்ததைப் பக்கத்து வீட்டில் பரப்பாமல் இருந்தீர்கள். சாவுத் தந்தி வந்தால் மட்டும் வாசலில் நின்று, "தாயி, குடிக்கத் தண்ணி குடு" என்பீர்கள். சேதியைக் கேட்கும் முன் வீட்டார் மனதைத் தேற்றிக்கொள்ளட்டும் என்று நீங்கள் கண்ட வழி அது. எல்லாருக்கும் அது தெரிந்துபோனதால், வெயிலில் விக்கி நின்றாலும் வேறு நாளில் எவர் வீட்டிலும் நீங்கள் தண்ணீர் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட வாய்க்குச் சோதனையாக வந்தது "பதினோராம் மைல் விளக்கு". பத்திரிகையில் தொடராக வந்து, பாதியில் நமக்குத் தப்பிப்போன மர்மக்கதை. எவரிடமாவது முழுதும் கிடைக்குமா என்று ஃபாக்டரி சங்கையா எழுதிய கார்டு பத்திரிகையில் அச்சாயிற்று. கல்பாத்தி சரஸ்வதியம்மாள், தாம் வாராவாரம் எடுத்துவைத்துத் தைத்த ஆறு பாகங்களையும் ஒவ்வொன்றாக புக் போஸ்டில் அனுப்ப முன்வந்தார். ஒவ்வொரு பாகமும் அவரிடமிருந்து, நம்மைப்போலவே அந்தக் கதையைத் தேடிய கொழிஞ்சாம்பாறைப் பொங்கியண்ணன் வீடு, அங்கிருந்து நம் மலை, மறுபடி கல்பாத்தி.

புக் போஸ்ட் என்றால் உறையின் இரு முனையும் திறந்திருக்க வேண்டும். திறந்திருந்ததை ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து முதலில் படித்தவர் நீங்கள். பதினான்கு மாதமாக எங்களுக்கு முன்னே எல்லாம் அறிந்தும், எவர் மாட்டினார், எவர் தப்பினார் என்று இமைகூட அசைக்கவில்லை. கொழுந்துக் காட்டில், கொழுந்து பறிக்கும் மாரித்தாய் மறித்து, "என்ன அண்ணாச்சி, வாயில கொழுந்தப் போட்டு அடைச்சிருக்கியளா?" என்று கேட்டாள். "தபால்ல வந்தத தபால்காரன் சொல்லப்பிடாது தாயி" என்றீர்கள். கொலையாளியையும் காட்டிக்கொடுக்காத குணக்குன்றே!

கடைசிப் பாகத்தை அனுப்பிய கையோடு பொங்கியண்ணன் ஒரு கார்டும் போட்டார்: "ஏனுங்க, ஆறாம் பாகம் வருதுங்க. படிச்சுப்போட்டு எங்கூட்டுல ரெண்டு நாளா ஆருக்கும் சோறு எறங்கலீங்க."

அது இம்மாதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. வழக்கம்போலப் பாறையில் படித்து, உறையில் செருகி, கயிறு கட்டி, ஓடையில் இறங்கினீர்கள். இடுப்பளவு வெள்ளம், பை முங்கியது. கயிறும் உறையும் கரையேறின. கதை ஓடையோடு போயிற்று. நீங்கள் நீட்டிய வெறும் உறையைச் சங்கையா குழாய்போல் கண்ணில் வைத்துப் பார்த்தார். மறுமுனையில் உங்கள் முகம். "என்ன அண்ணாச்சி, கொலகாரன் நீந்தித் தப்பிச்சிட்டானா?" எல்லாரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. பிரித்துப் படித்ததால்தான் முடிச்சு இளகியது என்று அன்றிலிருந்து தலைகுனிந்து நடக்கிறீர்கள். குனிந்தது போதும். அந்த வெள்ளத்தில் நீங்கள் பிழைத்து வந்ததே பெரிது.

சிரிக்கவைத்த சங்கையா இன்று மூணாறு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். திங்கட்கிழமை வயிற்றில் ஆபரேஷன். டாக்டர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. போகிறவர்களிடமெல்லாம் கதை என்ன ஆயிற்று என்றுதான் சங்கையா கேட்கிறார். கல்பாத்திக்கு எழுதினோம், மறையூர் ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, பதில் எப்போது வருமோ. மலைக்கு இந்தப் பக்கம் முடிவு தெரிந்தவர் நீங்கள் ஒருவரே. உங்களை அனுப்பட்டுமா என்று மாரித்தாய் கேட்டதற்கு அவர் பதறிவிட்டார்: "அண்ணாச்சிய மட்டும் அனுப்பிராதிய. சொல்லாத மனுசன் வந்து சொன்னாருன்னா, நம்ம கதையும் முடிஞ்சுதுன்னுல்லா அர்த்தம்!"

சொல்லாவிட்டால் தெரியாமலே போய்விடுவாரோ என்று பயம். சொன்னால் அந்தப் பயத்திலேயே போய்விடுவாரோ என்று பயம். மூன்று நாள் பேசி ஒரு வழி கண்டிருக்கிறோம். சரியா தப்பா, எங்களுக்குத் தெரியாது.

இன்று மாலை வரை நீங்கள் தபால்காரர், வற்புறுத்த மாட்டோம். நாளை ஞாயிறு, நாளை நீங்கள் தபால்காரர் இல்லை. காலை பஸ்ஸில் போங்கள். ஐந்தாம் பாகத்தின் முடிவில் இன்ஸ்பெக்டர் பூட்டிய அறைக் கதவில் கை வைத்தாரே, அங்கிருந்து தொடங்குங்கள். கொலையாளியின் பெயர் வரும் இடத்தில் நிறுத்துங்கள். "மிச்சம் செவ்வாக்கெழம" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். திங்கட்கிழமைக்கு அப்பாலும் தனக்கு ஒரு நாள் இருப்பதாக நீங்கள் நம்புகிறீர்கள் என்று அவருக்குத் தெரியட்டும்.

நோயும் நொடியும் அண்டாமல், அட்டை கடிக்காத இடத்தில் கால்நீட்டி, ஆண்டு நூறு நீங்கள் வாழ வேண்டும். செவ்வாய்க்கிழமை மிச்சத்தைக் கேட்கச் சங்கையாவும் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும், அண்ணாச்சி. பேசப் பேசத் தொண்டை வறளும். ஆஸ்பத்திரி வாசல் கடையில் முதலிலேயே டீ குடித்துவிட்டு உள்ளே போங்கள். சங்கையாவிடம் தண்ணீர் கேட்டுவிடாதீர்கள்.

இங்ஙனம்,
மேல் டிவிஷன் தோட்டத் தொழிலாளர், ஃபாக்டரியார், ஆபீசார்

மாரித்தாய்
நல்லமுத்து
பவுல்ராஜ்
சங்கையா (கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம், அவர் வந்து போட்ட பிறகே மடலுக்குக் கண்ணாடிச் சட்டம்)