ஐந்தாம் நாள் முன் சீட்

மாலை நாலே முக்கால். அக்டோபர் கடைசி வாரம். ஹாரிஸ் தீவின் மேற்குக் கரையில், ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய சாலை... எதிரே ஒன்று வந்தால் யாராவது பின்னுக்குப் போய் ஒதுங்கி வழிவிட வேண்டும். அன்று எதிரே எதுவும் வரவில்லை.

இது நம் டானியின் மைத்துனர் ஹெக்டருக்கு நடந்தது. டானிதான் எனக்குச் சொன்னான். குடிக்காமல் சொன்னான், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்புக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். காற்று அடங்கும்வரை கப்பல் கிடையாது. நம் வண்டிகளும் துறையிலேயே நிற்கட்டும்.

ஹெக்டரும் நம்மைப் போல வண்டியை ஓட்டிக்கொண்டே மைக்கில் பேசுகிற ஆள். எட்டு நாள் சுற்றுலா, சின்ன பஸ், ஐந்து வரிசை. மலை, ஏரி, தீவு, கப்பல், மறுபடி மலை. இருபத்திரண்டு வருடம். இரவில் பயணிகளை நல்ல ஹோட்டலில் இறக்கிவிட்டு, ஊர்க்கோடியில் ஒரு மலிவு அறையில் தனியாகச் சூப் குடிப்பார். பகல் முழுக்கப் பேசிய வாய்க்குப் பேச ஆள் இல்லாத இரவுகள்... உங்களுக்குத் தெரியாதா என்ன.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் ஒரு பயணியை விட்டுவிட்டு வந்தார்.

அந்த அம்மாள் பெயர் வினிஃப்ரெட். லீட்ஸ் ஊர்க்காரர், ஓய்வு பெற்றவர், தனியாக வந்தவர். சீட் முறை இருக்கிறதே, ஒவ்வொரு காலையும் எல்லோரும் ஒரு வரிசை முன்னால் நகர்வது, முன் வரிசைக்காரர்கள் கடைசிக்குப் போவது... முதல் நாள் அவருக்குக் கடைசி வரிசை. தினமும் புதுப் பக்கத்து ஆட்கள். நாலு நாளில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. ஹெக்டரிடமும் அவர் பேசியது ஒரே ஒரு தடவைதான். நாலாம் நாள் காலை, இரண்டாம் வரிசையில் உட்காரும்போது, கொஞ்சம் வெட்கத்தோடு.

"நாளைக்கு முன் சீட்டு என் முறைதானே?"

"உங்க முறைதாம்மா. ராணி மாதிரி உட்கார்ந்து வரலாம்" என்றார் ஹெக்டர்.

அன்று மாலை இதே சாலையின் கடைசி விரிகுடாவில் நிறுத்தினார். இறங்கிய கொஞ்ச நேரத்தில் மழை. எல்லோரும் ஓடி வந்து ஏறினார்கள். ஹெக்டர் தன் சீட்டில் இருந்தபடியே, மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்துத் தலைகளை எண்ணினார். கணக்கு சரியாக இருந்தது. வினிஃப்ரெட் தன் பச்சை மழைக்கோட்டைத் தொப்பியோடு சீட்டின் தலைப்பகுதியில் மாட்டிவிட்டு, மெல்லிய கம்பளிச் சட்டையோடு மணலுக்குப் போயிருந்தார். கண்ணாடியில் அந்தத் தொப்பியும் ஒரு தலைதான்.

ஜோடியாக வந்தவர்கள் என்றால், 'என் வீட்டுக்காரர் இன்னும் வரல' என்று யாராவது கத்தியிருப்பார்கள். தனியாக வந்தவருக்காக யார் கத்துவது?

ஹோட்டலில் சாவி கொடுக்கும்போதுதான் தெரிந்தது. அதற்குள் கடல் பொங்கிச் சாலையை மூடிவிட்டது. மறுநாள் காலை கற்குவியல் ஒன்றின் மறைவில் உட்கார்ந்த நிலையிலேயே விறைத்துப் போயிருந்தார். பச்சைக் கோட்டை ஹெக்டரே மடித்துக் காவலரிடம் கொடுத்தார்.

விசாரணையில் யாரும் அவரைக் கடுமையாகப் பேசவில்லை. அது இன்னும் மோசம்.

பிறகு வேறொரு சின்ன நிறுவனம், வேறு பஸ். அதன்பின் ஹெக்டர் கண்ணாடியில் எண்ணவே மாட்டார். எழுந்து நடுவழியில் நடந்து, ஒவ்வொரு சீட்டையும் கையால் தொட்டு எண்ணுவார். அந்த விரிகுடாவுக்கும் போக மாட்டார். இன்று சாலை சரியில்லை, இன்று ஆடுகளை ஓட்டுகிறார்கள் என்று ஏதாவது சொல்லித் தவிர்த்துவிடுவார்.

அந்த அக்டோபர் பயணத்தில் பதினொரு பேர். அவர்களில் டிலிஸ் என்றொரு வேல்ஸ்காரப் பெண்மணி, எழுபது வயது, தனியாள். சிவப்பு மழைக்கோட்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் நன்றி சொல்வார், அவ்வளவுதான். ஹெக்டரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாவி கொடுக்கும்போதுகூடச் சாவியைத்தான் பார்ப்பார்.

நாலாம் நாள் அவர்தான் கேட்டார். "தாள்ல ஒரு விரிகுடா போட்டிருக்கே... அங்கே போறோமா?"

சாக்கு எதுவும் வாயில் வரவில்லை. தனியாக வந்த ஒருவர் நாலு நாளில் கேட்ட ஒரே விஷயம். போனார்.

காற்று கிளம்பிக்கொண்டிருந்தது. அலையில் பிய்ந்து வந்த கடற்பாசியின் வாடை. இருபது நிமிடம் என்று சொல்லியிருந்தார். பதினைந்திலேயே எல்லோரும் திரும்பி ஏற ஆரம்பித்தார்கள். ஐந்தே முக்கால் கப்பலை விட்டால் அடுத்து மூன்று நாளைக்கு எதுவும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

வண்டிக்குள் அரை இருட்டு. பின்பக்க விளக்கு எரியவில்லை. ஹெக்டர் எழுந்து தொட்டு எண்ணிக்கொண்டே போனார்.

"என்ன ஹெக்டர், ஆட்டுமந்தை எண்ற மாதிரி எண்றீங்க?" என்றார் மான்செஸ்டர்காரர் பாரி. "நானே ஜீனை இங்கே விட்டுட்டுப் போயிடலாமான்னு யோசிச்சிட்டிருந்தேன்."

"நீ இறங்கிக்கோ" என்றார் அவர் மனைவி ஜீன். "வண்டி பாதி எடை குறையும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹெக்டர் சிரிக்கவில்லை. ஒன்பது... பத்து... கடைசி வரிசையில் டிலிஸின் சீட். தொப்பி போட்ட தலை, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. சீட்டைத் தொட்ட கை தோளிலும் பட்டது. நனைந்திருந்தது. மழையில் நனைந்த ஈரமாக இல்லை, ஊறிப்போன ஈரம்.

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

பதினொன்று. வண்டியை எடுத்தார்.

துறையில் கப்பல் வாய் திறந்து நின்றது. ஊழியன் ஒருவன் உள்ளே ஏறி எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"தாள்ல பதினொண்ணு. இங்கே பத்துதான் இருக்கு, ஹெக்டர்."

ஹெக்டர் நடுவழியில் பின்னால் நடந்தார். துறை விளக்கின் வெளிச்சம் கடைசி வரிசைவரை விழுந்தது. சீட்டில் ஆள் இல்லை. தலைப்பகுதியில் ஒரு கோட்டு, தொப்பி மேலே இருக்கும்படி மாட்டியிருந்தது. தரையில் சொட்டுச் சொட்டாக நீர்.

பச்சைக் கோட்டு.

 ஹெக்டர் திரும்பி, எல்லோரையும் பார்த்து, "இறங்குங்க. நடந்து ஏறிக்குங்க. அக்கரையில ஹோட்டல்காரன் வந்து கூட்டிட்டுப் போவான்" என்றார்.

"நீங்க?"

"ஒருத்தரை விட்டுட்டு வந்துட்டேன்."

"கப்பல் போயிடுமேப்பா!" என்றார் பாரி.

"போகட்டும்."

ஜீன் படியில் நின்று திரும்பினார். "யாரு, அந்தச் சிவப்புக் கோட்டு அம்மாவா? அவங்க... அவங்க பேரு என்ன?"

பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"டிலிஸ்" என்றார் ஹெக்டர். "டிலிஸ் பிரைஸ்."

அந்தக் கோட்டை வெளியே தூக்கி எறிந்திருக்கலாமே என்று நானும் டானியிடம் கேட்டேன். 'நீ எறிவியா?' என்றான்.

காலி வண்டி. திரும்பவும் அதே சாலை, இப்போது முழு இருட்டு. காற்று பக்கவாட்டில் மோதியது. விளக்கொளியில் ஆட்டுக் கண்கள் தோன்றி மறைந்தன. குளிர் பூஜ்யத்துக்கு அருகில். கல்மறைவில் எழுபது வயது உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். விசாரணையில் ஒரு மருத்துவர் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டே சொல்லியிருந்தார்.

மூன்றாவது மைலில் தன்னை அறியாமல் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் வரிசை வரிசையாக வெற்று சீட்டுகள். தொப்பி கடைசி வரிசையில் இல்லை. நாலாவதில் இருந்தது.

காற்றில் சரிந்திருக்கும் என்று நினைத்தார். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன.

ஒரு பாலம் தாண்டி மறுபடி பார்த்தார். மூன்றாவது.

அப்புறம் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்தார். தேவாலய வளைவில் ஒரு மான் குறுக்கே பாய, பிரேக் போட்ட வேகத்தில் பார்வை மேலே போய்விட்டது. இரண்டாவது வரிசை. ஈரக் கம்பளியின் வாடை இப்போது கழுத்துப் பக்கத்தில் அடித்தது.

விரிகுடா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கடைசியாக ஒருமுறை பார்த்தார். வண்டி முழுக்கக் காலி. கோட்டு எங்கும் இல்லை.

அந்தக் கண்ணாடியில் முன் வரிசை மட்டும் தெரியாது. முன் சீட்டு அவருக்கு இடது பக்கம், கை நீட்டினால் தொடும் தூரம். ஹெக்டர் தலையைத் திருப்பவில்லை.

விளக்கொளியில் முதலில் கற்குவியல் தெரிந்தது. அப்புறம் சிவப்பு. அவர் இறங்கி ஓடினார். டிலிஸ் கல்லில் சாய்ந்து, கைகளை அக்குளில் செருகி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம். கண் திறந்திருந்தது. இமைத்தது.

"அம்மா... ஏம்மா கூப்பிடல? ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?" என்றார் ஹெக்டர்.

"வந்தேன்" என்றார் டிலிஸ் மெதுவாக, பற்கள் தந்தியடிக்க. "வண்டிகிட்ட வந்துட்டேன். ஜன்னல் வழியா பார்த்தா என் சீட்ல ஒருத்தங்க உட்கார்ந்திருந்தாங்க. என்னையே பார்த்தாங்க. நீங்க அவங்க தோளைத் தொட்டு எண்ணினீங்க..." கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார். "அப்போ என் இடம் நிறைஞ்சுடுச்சுபோலன்னு தோணிச்சு. ஏன் அப்படித் தோணிச்சுன்னு தெரியல. இத்தனை நாள்ல யாரும் என்னைத் தேடினதில்லை, பாருங்க."

ஹெக்டர் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார். அணைத்தபடி நடத்திக் கூட்டி வந்தார். கடந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, தனியாக வந்த ஒரு பயணியின் முகத்தை நேராகப் பார்த்தார். சாதாரண முகம். மூக்கு நுனி சிவந்திருந்தது.

வண்டிக்குள் சூட்டை முழுக்கத் திருப்பிவிட்டு, "முன்னாடி உட்காருங்கம்மா. இங்கேதான் சூடு நல்லா வரும்" என்றார்.

டிலிஸ் படியில் நின்றார். முன் சீட்டைப் பார்த்தார். பிறகு, பேருந்துகளில் நாம் எல்லோரும் செய்வதுபோல, லேசாகத் தலையசைத்து ஒரு மரியாதைப் புன்னகை புரிந்தார்.

"பரவாயில்லை. இங்கே அவங்க இருக்காங்களே. நான் என் சீட்டுக்கே போயிடறேன்."

நடுவழியில் அவர் காலடிச் சத்தம் பின்னால் போய்த் தேய்ந்தது.

ஹெக்டர் கதவை மூடினார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். இன்ஜின் சத்தம். காற்று. சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தம், இடது பக்கத்திலிருந்து.

வண்டி நகர்ந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், கை மைக்கை எடுத்தது. வெளியே ஒன்றும் தெரியாத இருட்டு.

"இடது பக்கம் பாருங்கம்மா" என்றார். "அங்கே மணல் இருக்கு. பகல்ல பார்த்தா... அவ்வளவு வெள்ளையா இருக்கும்."

 பிறகு, கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியை ஓர் ஈரக் கை மெதுவாகத் துடைக்கும் சத்தம் கேட்டது.